காணாமல் போன அரைக் கிலோ

தராசு முள் நின்ற இடத்தைப் பார்த்த நர்ஸம்மா, அடுத்து குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தையின் அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்ல சோறு போடறியா இல்லையா?"

சுகாதார நிலையத்தின் எடை போடும் அறை ஒரு பேருந்து அளவுதான் இருக்கும். சுவரில் இடுப்புயரம் வரை பச்சை, அதற்கு மேல் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஏதோ ஒரு நிறம். நீள பெஞ்சில் மடியிலும் தோளிலும் பிள்ளைகளோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் ரகசியம் பேச இடமில்லை. நர்ஸம்மாவின் குரலும் ரகசியத்துக்கு ஏற்ற குரல் இல்லை.

"போன மாசத்தைவிட அரைக் கிலோ குறைஞ்சிருக்கு. நாலு வயசுப் பிள்ளைக்கு எடை ஏறாம நின்னாலே யோசிக்கணும். இது இறங்குது. வேலைக்குப் போறியா?"

"இல்ல சிஸ்டர். வீட்லதான்."

"வீட்ல சும்மாதானே இருக்கே? பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட நேரமில்லையா?"

அவள் "மூட்டை, இறங்கு" என்று குழந்தையிடம் மட்டும் சொன்னாள்.

"என்னது, மூட்டையா? பேருக்குத்தான் மூட்டை!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வேறு ஏதாவது ஒரு மாதம் இதே பெஞ்சில் இதே ஏச்சை வாங்கியவர்கள்தான். இன்று தன் முறை இல்லை என்ற நிம்மதியிலும் மனிதர்கள் சிரிப்பார்கள்.

மூட்டை எடைமேடையிலிருந்து குதித்து இறங்கினாள். அத்தை வாங்கித் தந்த லேஸ் வைத்த ரோஸ் கவுன் முட்டிக்குக் கீழே குடை மாதிரி விரிந்தது. அது அவளுக்குப் பிடிக்காத கவுன். அவள் அம்மாவுக்கும் பிடிக்காது. ஆனால் காலையில் வந்து நின்ற அத்தை, "சுகாதார நிலையத்துக்குப் போறப்ப பஞ்சத்துல அடிபட்ட பிள்ளை மாதிரியா கூட்டிட்டுப் போவே? நான் எடுத்துக் கொடுத்தது அலமாரியில தூங்கறதுக்கா?" என்று கேட்டு, தானே மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

நர்ஸம்மா அட்டையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தார். "அடுத்த மாசமும் ஏறலைன்னா பகல் பராமரிப்பு மையத்துல சேர்த்துடுவோம். காலையில விட்டா சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம். மூணு வேளையும் அங்கேயே சாப்பாடு. சட்டம் அப்படி, நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்து யாரு?"

இப்படி ஒரு நிமிடத்தில், பிள்ளைக்குச் சோறு போடாத தாய் என்று அவளுக்குப் பட்டம் கட்டியாகிவிட்டது.

'சும்மா இருக்கிறவள்' என்று நர்ஸம்மா சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல்காரி. பாக்கெட் பிரிவு. ஆண்களின் பேன்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாள் முழுக்கப் பைகள் தைப்பாள். இரட்டைத் தையல், மூலையில் பூட்டுத் தையல், கல்லைப் போட்டாலும் கிழியாது. பெண்களின் உடுப்பு வரிசைக்கு மாற்றினால் அங்கே பை கிடையாது. பை இருப்பது போல ஒரு மடிப்பு மட்டும் வைத்துத் தைத்து மூட வேண்டும். "இது எதுக்கு சார், உள்ள ஒண்ணும் இல்லாம?" என்று ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கேட்டாள். "பொம்பளைங்களுக்குப் பை எதுக்கு? கூட வர்ற ஆம்பளைகிட்டத்தான் இருக்கே" என்றார் அவர். பெரிய நகைச்சுவை சொன்னது போலத் தானே சிரித்தும் கொண்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். தொழிற்சாலையில் குழந்தையைப் படுக்க வைக்க ஒரு மூலை கேட்டார்கள் பெண்கள். நூல்கண்டு வைக்கவே இடமில்லை என்று பதில் வந்தது. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் வேலையை விடுவதைப் பற்றி யாரும் ஒரு பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் முதலில் செய்தது, மகளின் கவுன்களுக்கெல்லாம் பை வைத்ததுதான். கணவரின் கிழிந்த காக்கி பேன்ட்டை வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக, குழந்தையின் முழங்கை வரை உள்ளே போகிற பைகள். சாயம் போன நீலக் கவுனில் காக்கிப் பை பார்க்கச் சகிக்காது. ஆனால் மூட்டைக்கு அந்தக் கவுன்தான் உயிர். தரையில் கிடப்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். இலை, ஓடு, நத்தைக் கூடு, பேனா மூடி எல்லாம் போகும். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். அண்ணன் பெரியவன்தான் வைத்தான். அவனுக்கு ஆறு வயது. "அம்மா, இந்த மூட்டைய எங்க இறக்கி வைக்க?" என்று ஒருநாள் தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது.

சமையலறைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் இருந்தது. முன்னால் குடியிருந்தவர்கள் உடைந்த ஓடும், துருப்பிடித்த இரும்பும், கட்டிட வேலையில் மிஞ்சிய ஜல்லியும் கொட்டி வைத்திருந்த இடம். அவள் அதைக் கிளறிச் சலித்துத் தோட்டமாக்கினாள். சுவரோரம் கொடி பீன்ஸ், நடுவில் தக்காளி, கதவுப் பக்கம் கீரை, மூலையில் ஒரு பூசணி. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் அங்கேதான். அவசரத்துக்குப் பிறந்தவள் அவள். ஒரு கையால் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டே மறு கையால் சன்னல் வழியாகத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

சாப்பாட்டு விஷயத்தில் மூட்டை ஒரு தனி ராஜ்யம். தட்டில் வைத்துக் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டாள். தானே பறித்தது என்றால் தின்பாள். இதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு வெகுகாலம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு சமையலின் முறையே மாறிவிட்டது. முதலில் மகள் தோட்டத்துக்குப் போய் ஒரு கை பீன்ஸும் ஒரு தக்காளியும் கொண்டு வருவாள். அதை அவள் கண் முன்னாலேயே நறுக்கி, முட்டையோடு வதக்கி, சோற்றின் மேல் போட வேண்டும். நறுக்கும்போது பாதி பச்சையாகவே வாய்க்குள் போய்விடும். "இது யாரு பறிச்சது?" என்று அம்மா கேட்க வேண்டும். "நானு!" என்று சொல்லிவிட்டு ஒரு வாய். திரும்பக் கேட்க வேண்டும். ஒரு சாப்பாட்டுக்குள் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. பெரியவனுக்கு அது எரிச்சல். "நான் பறிச்சதுன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டியா?" என்பான். சரி என்று அவனுக்கும் கேட்க வேண்டும்.

அதற்குப் பெயர்தான் சும்மா இருப்பது.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கணவரின் அக்காள், காலையில் லேஸ் கவுனை மாட்டிவிட்ட அதே அத்தை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவளை இவள் அண்ணி என்று அழைப்பாள். அண்ணிக்குக் காது நீளம், கால் அதைவிட வேகம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கினாள் அண்ணி. எப்போது சொன்னாள் என்பது யாருக்கும் நினைவில்லை. "பொழுதன்னைக்கும் அந்த மண்ணுல கிடந்தா பிள்ளை எப்படித் தேறும்? செடிக்கு ஊத்தற தண்ணியில பாதிய அதுக்கு ஊத்தியிருந்தாக்கூட ஒரு சுத்து பருத்திருக்கும்."

"அது நல்லாத்தான் சாப்பிடுது அண்ணி."

"சாப்பிட்டா எங்க போகுது? காத்துலயா? ஊர் வாய மூட உலைமூடி இருக்கா? என் தம்பிக்குல்ல தலைகுனிவு."

தம்பி சாயங்காலம் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நீ என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டார்.

பேச்சை முடித்துவிட்டுக் குளிக்கப் போனார். ஆனால் அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஜுரம் வந்தால், இருமினால், எடை குறைந்தால், 'நீ என்ன பண்ணிட்டிருந்தே' என்ற கேள்வி ஒரே ஆளை நோக்கித்தான் வருகிறது. 'நாம என்ன பண்ணலாம்' என்று கேட்டிருந்தால் அவள் அன்றைக்கு அழுதிருப்பாள். கேட்காததால் கோபம்தான் வந்தது.

அடுத்த வாரம் அவள் யாரிடமும் சொல்லாமல் பகல் பராமரிப்பு மையத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மோசமான இடம் என்று சொல்ல முடியாது. சுத்தமாக இருந்தது. பெருக்கித் துடைத்த சிமெண்டுத் தரை, எட்டாத உயரத்தில் சன்னல், முற்றத்தில்கூட ஒரு புல் இல்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஆயா தட்டுகளைச் சத்தமாக வைத்துக்கொண்டே போனார். "வாயத் திற. முழுங்கு. அடுத்து." அவளுக்குத் தொழிற்சாலையின் பாக்கெட் பிரிவு ஞாபகம் வந்தது.

"இங்க பிள்ளைங்க எதையாவது பறிக்க, பொறுக்க விடுவீங்களா?" என்று ஆயாவிடம் கேட்டாள்.

"பொறுக்கறதா? கீழ கிடக்கிறத எடுக்கவே விடமாட்டோம்மா" என்றார் ஆயா பெருமையாக.

அவள் மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாய்கூட அங்கே இறங்காது. அது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. எடை குறைகிறது என்று கொண்டுபோய்ச் சேர்க்கப்படும் இடத்தில்தான் எடை உண்மையிலேயே குறையப் போகிறது.

அந்த மாதம் முழுக்க வீட்டில் சத்து மாவின் ஆட்சி. கணவர் ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். டப்பாவின் மேல் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். நான் சொல்றத மட்டும் செய்" என்றார். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கரைப்பது, ஆற்றுவது, கெஞ்சுவது, சட்டையில் துப்பியதைத் துவைப்பதெல்லாம் 'மட்டும் செய்' என்பதற்குள் அடங்கும். இரண்டு மூன்று நாளில் டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. அவளுக்கே ஆச்சரியம். பிறகுதான் பார்த்தாள், மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு நேராகப் பூசணிக் கொடிக்குப் போகிறாள். "இதுக்கும் எடை போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள் மூட்டை. பூசணி தேறிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

நடுவில் அண்ணி வேறு தினமும் வந்து குழந்தையின் மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்த்து, "ப்ச்" என்பாள்.

எடை போடும் நாள் வந்தபோது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "இந்த மாசம் நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள் கணவரிடம். அவருக்கு அந்த வாரம் இரவு வேலை. காலையில் வீட்டில்தான் இருந்தார்.

"நானா? அங்க பூரா பொம்பளைங்களா இருப்பாங்களே."

"பிள்ளையும் பொம்பளைதானே. அதைக் கூட்டிட்டுப் போகலாம்."

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலக் கவுனை எடுத்து மகளுக்கு மாட்டினார். லேஸ் கவுன் அலமாரியில் இருந்தது அவருக்குத் தெரியாது. அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு என்றைக்கும் தெரியாது. "இருப்பா, வந்துடறேன்" என்று மூட்டை தோட்டத்துக்குள் ஓடினாள். திரும்பி வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

திரும்பி வரும்போது அவருடைய நடையே வேறு. வாசலிலேயே சத்தம் போட்டார்.

"ஏறிடுச்சு! முக்கால் கிலோவுக்கு மேல ஏறிடுச்சு! நர்ஸம்மாவே அசந்துட்டாங்க. அப்பா கையில விட்டதும் எப்படி ஏறுது பாருங்கன்னு அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. பெஞ்சுல இடம் விட்டு உட்கார வச்சாங்கன்னா பாத்துக்கோ!"

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. முதலில் வந்தது சந்தோஷம்தான். மையம் இல்லை, மகள் வீட்டில்தான். அதன் பின்னாலேயே, பால் பொங்கி வருவது போல, கோபம் வந்தது. இத்தனை காலம் அவள் அந்த அறைக்குப் போயிருக்கிறாள். ஒருநாள்கூட யாரும் இடம் விட்டதில்லை. அவர் ஒரே ஒரு காலை போனார், தலைமேல் தூக்கி வைத்து ஆடிவிட்டார்கள்.

அண்ணி போனிலேயே பாராட்டு விழா நடத்தினாள். "என் தம்பி பொறுப்பு யாருக்கு வரும்? ஒரு மாசத்துல நிமிர்த்திட்டான் பாரு பிள்ளைய!"

"எல்லாம் அந்த மாவுதான் அக்கா" என்றார் தம்பி அடக்கமாக. "இன்னொரு டப்பா வாங்கிடணும்."

மத்தியானம் அவள் மகளைக் குளிப்பாட்ட நீலக் கவுனைக் கழற்றினாள். அது கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் துணி விழுந்த சத்தமாக இல்லை.

துவைக்கும் முன் பைகளைக் காலி செய்து சன்னலோர டப்பாவில் கொட்டுவது அவளுக்குத் தினசரி வேலைதான். ஆனால் அன்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். கூழாங்கற்கள். கூரை ஓட்டின் துண்டுகள். ஜல்லி. அப்பா பணிமனையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து மண்ணில் தொலைத்த தடித்த போல்ட் ஒன்று, நட்டோடு. கடைசியாக ஒரு பூசணிப் பிஞ்சு.

"இதெல்லாம் போட்டுட்டா அந்த மேடை மேல ஏறி நின்னே?"

"எல்லாத்துக்கும் எடை போட்டாங்கம்மா" என்றாள் மூட்டை பெருமையாக.

அவளுக்கு முதலில் இன்றைய எடை புரிந்தது. அடுத்த கணம் போன மாதம் புரிந்தது. போன மாதம் லேஸ் கவுன். அத்தை கொடுத்தது என்று அதில் மட்டும் அவள் பை வைக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் இதே நீலக் கவுன். அப்படியானால் காணாமல் போன அந்த அரைக் கிலோ அவள் மகளின் உடம்பில் எப்போதுமே இருந்ததில்லை. இல்லாத சதை இளைத்துவிட்டது என்றுதான் ஒரு மாதம் முழுக்க அவளை ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். தினம் அந்தப் பையைக் காலி செய்கிற தனக்கே இது தோன்றவில்லையே என்று தன் மேலும் ஒரு ஆத்திரம் வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை. அதற்கு இடம் கொடுக்க முடியாத அளவுக்கு மற்ற ஆத்திரங்கள் வரிசையில் நின்றன.

எல்லாவற்றையும் கவுனிலேயே முடிந்து எடுத்துக்கொண்டு தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போனாள்.

"இத எடை போடுங்கண்ணே."

கடைக்காரர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "என்னக்கா, கல்லு வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா? எனக்குப் போட்டியா?"

"எடைய மட்டும் சொல்லுங்க."

"முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பூசணிப் பிஞ்ச வேணா நான் எடுத்துக்கறேன். மத்தது யாவாரம் ஆகாது."

வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி, அவர் முன்னால் கவுன் முடிச்சை அவிழ்த்தாள். அவர் கல்லைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் விழித்தார்.

"இது நம்ம பதினாறாம் நம்பர் போல்ட்டு. இத எங்கெல்லாம் தேடினேன்!"

"கேள்வி அது இல்ல."

"சரி, இப்ப என்ன? ஏறினதா எழுதியாச்சு. மையத்துல சேர்க்க மாட்டாங்க. உனக்கு வேண்டியதும் அதுதானே? எதுக்குக் கிளறணும்? திரும்ப எடை போட்டு உண்மையிலேயே குறைஞ்சிருந்துச்சுன்னா?"

அந்தக் கேள்வி அவளையும் குத்தியது. குறைந்திருந்தால் நாளைக்கே மகளைக் கொண்டுபோய் அந்தச் சிமெண்டுத் தரையில் விட வேண்டும். பேசாமல் இருந்தால் எல்லாம் நலம். அவள் கற்களைத் திரும்பவும் கவுனில் அள்ளி முடிந்தாள். பிறகு சொன்னாள்:

"கல்லுக்கு உங்களுக்குப் பாராட்டு. சோத்துக்கு எனக்கு ஏச்சு. அடுத்த மாசம் இவ பையில கல்லு இல்லாம போய் நின்னா, முக்கால் கிலோ குறைஞ்சுதுன்னு திரும்பவும் என்னைத்தான் கேப்பாங்க. உங்கள இல்ல. எந்திரிங்க. இப்பவே போகணும்."

"இப்பவா? தூக்கம்..."

"நான் ஒரு மாசமா தூங்கல."

மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூவரும் சுகாதார நிலையத்தில் நின்றார்கள். பெஞ்சில் இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். நர்ஸம்மா களைத்துப் போயிருந்தார். காலையிலிருந்து எத்தனை பிள்ளைகளைத் தூக்கி இறக்கினாரோ. அவர் மேல் பரிதாபப்பட வேண்டிய நேரம்தான். அவளுக்கு அன்று பரிதாபம் கையிருப்பில் இல்லை.

மேசை மேல் கற்களைக் கொட்டினாள். போல்ட் உருண்டுபோய் அட்டைகளின் மேல் நின்றது.

"இதுதான் சிஸ்டர், காலையில ஏறின எடை."

நடந்ததைச் சொன்னாள். நீலக் கவுனைத் தூக்கி, காக்கிப் பைக்குள் கையை மணிக்கட்டு தாண்டி விட்டுக் காட்டினாள். பெஞ்சில் ஒருத்தி, "அடேங்கப்பா, இதுல எங்க வீட்டு மளிகையே அடங்கும் போலிருக்கே!" என்றாள்.

நர்ஸம்மா ஒரு கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "பையன்களுக்குன்னா பையத் தொட்டுப் பாத்துதான் ஏத்துவோம். பொம்பளைப் பிள்ளை கவுன்ல பை இருக்கும்னு யாரு நினைச்சா?"

"யாரும் நினைக்க மாட்டாங்க சிஸ்டர். அது எனக்குத் தெரியும். அதான் நான் தைச்சேன். திரும்பப் போடுங்க."

மூட்டை வெறும் உள்சட்டையோடு மேடையில் ஏறினாள். முள் ஆடியது. கணவரின் கை அவரை அறியாமல் பேன்ட் பைக்குள் போய் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்தது. முள் நின்றது. நர்ஸம்மா குனிந்து பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்பவும் முள்ளைப் பார்த்தார்.

"போன மாசத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கு. ஏற வேண்டிய அளவுக்குத்தான் ஏறியிருக்கு. மெலிசு உடம்பு, அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

"மையத்துக்கு?"

"வேண்டாம் வேண்டாம்." சிவப்புப் புள்ளியையும் காலையில் எழுதியதையும் அடித்துவிட்டு நீலத்தில் ஒன்று வைத்தார். பேனாவை மூடியவர், நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னார். "பாக்கெட்ட காலி பண்ணிக் கூட்டிட்டு வரக்கூடாதாம்மா நீ? எத்தனை பேருக்கு வீண் வேலை."

மன்னிப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்து வரவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக இது வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை. காலையில் கூட்டி வந்தவர் ஓர் அடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவரை நர்ஸம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அண்ணிக்குச் சேதி போனது. அன்றைக்கு மட்டும் அண்ணியின் கால் வேகமாக வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "எனக்கு அப்பவே தெரியும், பிள்ளை நல்லாத்தான் இருக்குன்னு" என்று சொல்லிவிட்டு, பூசணி சூப்பு இரண்டு கிண்ணம் குடித்தாள். "கொஞ்சம் உப்பு கம்மி" என்றாள்.

அடுத்த மாதம் எடை போடும் நாளில் கணவருக்கு வார விடுமுறை. கூப்பிடாமலே அவரும் கிளம்பினார். மூட்டையின் பைகளை வாசலில் வைத்து அவரே காலி செய்தார். ஒரு கல்லுக்காக மகளோடு வாக்குவாதமே நடந்தது.

எடை அறையின் பச்சைச் சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கொட்டை எழுத்தில்:

'தாய்மார்கள் கவனத்துக்கு: குழந்தைகளின் பைகளைக் காலி செய்துவிட்டு எடை போட அழைத்து வரவும்.'

அவர் அதைக் கடந்து போகப் பார்த்தார். அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"படிங்க."

படித்தார்.

"சத்தமா."

தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தார். பெஞ்சு திரும்பிப் பார்த்தது.

"கல்லோட கூட்டிட்டு வந்தது யாரு?"

"மூணு மாசம் முன்னாடி நீயும்தானே..."

"நானும்தான். அதான் என் பேரு மேலேயே இருக்கே. உங்க பேரு எங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'தாய்மார்கள்' என்பதற்குப் பக்கத்தில் இருந்த சந்தில் 'தகப்பன்மார்கள்' என்று நெருக்கி எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

"சார், சார்! என்ன பண்றீங்க? பெரியவங்க நீங்க, நோட்டீசுல கிறுக்கலாமா?" என்று உள்ளேயிருந்து நர்ஸம்மா குரல் கொடுத்தார்.

"கல்லோட கூட்டிட்டு வந்தது நான்தான் சிஸ்டர்" என்றார் அவர்.

பெஞ்சில் மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கமா விட்டுப் போச்சு" என்றாள். போட்டார். அதன் பிறகுதான் மகளை மேடையில் ஏற்ற விட்டாள். முள் நின்றதும் கீழே இறக்கி, அட்டையை வாங்கி, கணவர் கையில் கொடுத்து, "வச்சுக்கோங்க, அடுத்த மாசம் உங்க முறை" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வீட்டில் பீன்ஸ் முற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பறிக்காவிட்டால் நாளைக்கு நாராகிவிடும்.